முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேல் நலம்

விதி என்று ஒன்று இருந்தால் அதன்படி நடக்கலாம், அல்லது மீறலாம். மூன்றாவதாகவும் ஒரு வழி உண்டு என்பது துணை விமானிக்குத் தெரியாமல் போனதுதான் இவ்வளவுக்கும் காரணம். மூன்றாவது வழி, நடந்ததாக எழுதிவிடுவது. உலகமே அதில்தான் ஓடுகிறது. விமானங்களும் அதில்தான் பறந்துகொண்டிருந்தன.

விதி இதுதான். முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேலே பறக்கும்போது இரண்டு விமானிகளில் ஒருவர் எழுந்து கழிப்பறைக்குப் போனால், அவர் திரும்பி வரும்வரை தனியாக உட்கார்ந்திருப்பவர் ஆக்சிஜன் மாஸ்க்கை முகத்தில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும். அந்த உயரத்தில் எங்காவது ஓட்டை விழுந்து உள்ளே இருக்கிற காற்று வெளியே போய்விட்டால், மனிதனுக்குப் புத்தி அரை நிமிஷம், மிஞ்சிப்போனால் ஒரு நிமிஷம் நிற்கும். சாவு பிறகுதான் வரும். அதற்கு முன்னால் எல்லாம் ரொம்ப நன்றாக இருப்பதாகத் தோன்றும். சிரிப்பு வரும். மாஸ்க் எதற்கு, நான் நன்றாகத்தானே இருக்கிறேன் என்று அவனே சொல்லுவான். ஆக்சிஜன் குறைகிறது என்பதைக் கண்டுபிடிக்கிற புத்திதான் முதலில் போகிறது. ஆக, நல்ல விதி. யாரோ நல்ல மனுஷன் எழுதியிருக்கிறான்.

ஆனால் அந்த நல்ல மனுஷன் ஓய்வுபெற்றுப் போன பிறகு, வான் பாதுகாப்பு வாரியம் அதற்குக் கீழே ஒரு கிளை விதி சேர்த்தது. ஒருமுறை முகத்தில் பட்ட மாஸ்க்கை, தரையிறங்கியதும் அதற்கென்று சான்று பெற்ற டெக்னீஷியன் கழற்றி, சுத்தம் செய்து, காயவைத்து, மடித்துப் பெட்டியில் வைத்து, சிலிண்டரையும் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் விமானம் மறுபடி கிளம்பலாம். அப்படிச் சான்று பெற்றவர்கள் தலைமை நிலையத்தைத் தவிர வேறெங்கும் கிடையாது. ஆகவே விதியை எல்லாரும் மதித்தால், போன விமானம் ஒன்றும் திரும்பி வராது. அதனால் கேப்டன்கள் கழிப்பறைக்குப் போனார்கள், வந்தார்கள். துணை விமானிகள் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு 'மாஸ்க் அணியப்பட்டது' என்று பறப்புக் குறிப்பில் எழுதினார்கள். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சரிதான். ஏட்டில் சுரைக்காய் இல்லாவிட்டால் வாரியம் சும்மா விடாது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம் துணை விமானி அன்றைக்கு மாஸ்க்கை நிஜமாகவே போட்டுக்கொண்டான்.

வீரமும் இல்லை, கொள்கையும் இல்லை. பயம். பயிற்சிக் காலத்தில் அவனை ஒரு இரும்பு அறையில் உட்காரவைத்துக் காற்றை உறிஞ்சி எடுத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுதச் சொன்னார்கள். பிரமாதமாக எழுதியதாக நினைத்துக்கொண்டு வெளியே வந்தான். தாளைப் பார்த்தால் பக்கம் முழுக்க ஏழு ஏழாக இருந்தது. அடியில் பெருமையோடு கையெழுத்தும் போட்டிருந்தான். தன் புத்தி தன்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிப் போய்விடும் என்பது அன்றைக்குத்தான் அவனுக்குத் தெரிந்தது. அதிலிருந்து கேப்டன் எழுந்து போன போதெல்லாம் மாஸ்க் பெட்டியையே பார்த்துக்கொண்டிருப்பான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். அன்றைக்கு முடியவில்லை.

கேப்டன் திரும்பி வந்து பார்த்தார். அவருக்குப் 'பூட்டு' என்று பெயர். வாயைத் திறக்கவே மாட்டார். பயணிகளுக்கு அறிவிப்புச் செய்யும்போதுகூட "கிளம்புறோம்" என்பார், பிறகு "வந்தாச்சு" என்பார். அப்படிப்பட்டவரே நின்று, குழாயோடு தொங்கிய மாஸ்க்கைப் பார்த்து, "என்ன தம்பி, தும்பிக்கை" என்றார். பணிப்பெண் காதில் அது விழுந்தது. அதோடு துணை விமானியின் பெயர் உலகத்துக்கே தும்பிக்கை ஆயிற்று.

தரையிறங்கியதும் அவன் அந்த ஊர் டெக்னீஷியனைக் கூப்பிட்டு, மாஸ்க்கைப் பயன்படுத்திவிட்டேன், சுத்தம் செய்யுங்கள் என்றான்.

டெக்னீஷியன் சிரித்தான். "போட்டேன்னு எழுதியிருக்கீங்களா சார்?"

"எழுதியிருக்கேன்."

"அப்புறம் என்ன? எல்லாரும்தான் எழுதறாங்க."

"இல்லப்பா, நான் நிஜமாவே போட்டேன்."

டெக்னீஷியனின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "ஏன் சார், வீட்ல ஏதாவது பிரச்சினையா?" என்று கேட்டான்.

விமானம் அங்கேயே நின்றது. சான்று பெற்ற ஆள் தலைமை நிலையத்திலிருந்து வரவேண்டும். அவர் வரவேண்டிய விமானமும் இதுதான். பயணிகள் நாற்காலிகளில் சாய்ந்து தூங்கினார்கள். போதாத காலம், அந்தப் பயணிகளில் வாரியத் தலைவரும் ஒருவர். விமானப் பாதுகாப்பு பற்றிய மாநாட்டில் துவக்க உரை ஆற்றப் போய்க்கொண்டிருந்தார். மாநாடு அவர் இல்லாமலே துவங்கி, யாருக்கும் ஒரு குறையும் தெரியாமல் முடிந்துபோனது. அதைத்தான் அவரால் மன்னிக்க முடியவில்லை.

அடுத்த வாரமே துணை விமானியின் உரிமத்தை நிறுத்தி வைத்தார்கள். கேப்டன் ஆவதற்கு ஒரே ஒரு தேர்வு பாக்கி இருந்தவன், வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து, மேலே போகிற விமானங்களை எண்ணிக்கொண்டிருந்தான்.

அவன் மனைவி பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். "காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நான் மாஸ்க்தான் போட்டிருக்கேன். என்னை யாரும் விசாரணைக்குக் கூப்பிடலையே," என்றாள்.

"உன் டாக்டர் போட்டுக்கச் சொல்றார்."

"உங்க வாரியமும் அதைத்தானே சொல்லுது?"

"சொல்லுது. சொல்றதுக்கும் மேல நான் போயிட்டேன்."

அவள், "அம்மா போன் பண்ணாங்க. மாப்பிள்ளைக்கு கக்கூஸ் விஷயமா வேலை போச்சாமேன்னு கேட்டாங்க. நான் என்னன்னு சொல்ல?" என்றாள். அவனுக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

விசாரணை நடந்த அறையில் நீள மேசை, தண்ணீர் பாட்டில்கள், மூன்று பேர். நடுவில் தலைவர். வலது பக்கம் மருத்துவ உறுப்பினர். இடது பக்கம் சட்ட உறுப்பினர். துணை விமானிக்கு முதுகு சாய்க்க முடியாத ஒரு நாற்காலி.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தம்பி, பாதுகாப்புன்னா என்ன? பாதுகாப்புங்கறது ஒரு உணர்வு. நாம பாதுகாப்பா இருக்கோம்னு நினைச்சா நாம பாதுகாப்பா இருக்கோம். நினைக்கலைன்னா, யோசிச்சுப் பாருங்க, எவ்வளவு பயமா இருக்கும்? நீங்க மாஸ்க்கை எடுத்த அந்த நிமிஷம், இங்க ஆபத்து இருக்குன்னு சொல்லிட்டீங்க. அதுவரைக்கும் இல்லாத ஆபத்து."

"விதியில போடணும்னு இருக்கு சார்."

"விதி ஒரு வேலி. வேலியை யாராவது பிடுங்கி மூஞ்சில கட்டிக்குவாங்களா?"

மருத்துவ உறுப்பினர், மூச்சு என்பது பெரும்பாலும் பழக்கம்தான் என்றார். சட்ட உறுப்பினர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இந்த விதி வந்ததிலிருந்து குறிப்பேடுகளின்படி ஒருவர்கூட மாஸ்க் போடாமல் இருந்ததில்லை, ஒரு விமானமும் அதனால் தாமதமானதில்லை என்றார். "இவர் ஒருத்தரால அந்த வரலாறே கெட்டுப்போச்சு. இவர் நிஜமா போட்டார்னா மத்தவங்க என்ன பண்ணாங்கன்னு கேள்வி வரும். வாரியத்தால அந்தக் கேள்வியைத் தாங்க முடியாது."

பூட்டு கேப்டனைச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். அவர் வந்து நின்றார். உட்காரச் சொன்னதை ஏற்கவில்லை.

"நீங்க ஏன் எழுந்து போனீங்க?"

"ஒண்ணுக்கு."

"தவிர்த்திருக்க முடியாதா?"

"முடியாது."

"இவர் மாஸ்க் போட்டதைப் பத்தி உங்க கருத்து?"

கேப்டன் துணை விமானியை ஒருமுறை பார்த்தார். அப்புறம் தன் வாழ்நாளிலேயே நீளமான பேச்சைப் பேசினார். "நான் போட்டதில்ல. போட்டேன்னு எழுதியிருக்கேன். இவன் போட்டான். சரியாத்தான் பண்ணான்." சொல்லிவிட்டுத் தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போனார்.

மூவரும் தண்ணீர் பாட்டில்களைத் திறந்து குடித்தார்கள். போட்டதில்லை என்று ஒருத்தன் வாய்விட்டுச் சொல்லுவான் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை. ஊரறிந்த ரகசியத்துக்கும் ஒரு மரியாதை உண்டல்லவா, அதைக் கெடுத்துவிட்டார்.

வாரியம் யோசித்தது. பிரச்சினைக்கு வேர் எங்கே? கேப்டன் எழுந்து போனதில். எழுந்து போவதற்கு வேர்? தண்ணீர் குடிப்பதில். சுற்றறிக்கை வந்தது: இனி விமானிகள் பறப்புக்கு முந்தைய நாளிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும், ஏறுவதற்கு முன் மருத்துவ அதிகாரியின் முன்னிலையில் சிறுநீர் கழித்து, 'காலி' என்று சான்று வாங்க வேண்டும். விமானிகள் சீருடையோடு வரிசையில் நின்றார்கள். வயசானவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார்கள். பூட்டு கேப்டனுக்கு ஏற்கெனவே அந்த உபாதை உண்டு. அவர் தண்ணீரையே அறவே விட்டுவிட்டார். உதடு வெடித்து, கன்னம் ஒட்டிப்போய், படியேறினால் மார்பைப் பிடித்துக்கொள்கிற ஆளாக ஆனார். யாரிடம் சொல்லுவார்? சொல்லுகிற பழக்கமே இல்லையே.

அப்புறம் இரண்டாவது சுற்றறிக்கை. மாஸ்க்கைத் தேவையில்லாமல் எடுப்பதைத் தடுக்க, பெட்டிகளுக்கு முத்திரை வைக்கப்பட்டது. ஆபத்து நேர்ந்தால் முத்திரையை உடைக்கலாம். ஆனால் ஆபத்து நேர்ந்தது என்பதை இன்னொரு விமானி உறுதிப்படுத்த வேண்டும். இன்னொரு விமானி கழிப்பறையில் இருக்கும்போதுதானே இந்த விதியே என்று ஒருவர் கேட்டார். அவரைத் தரைப் பணிக்கு மாற்றினார்கள்.

இப்படியே போய், கடைசியில் விமான நிறுவனங்களெல்லாம் சேர்ந்து, இந்த மாஸ்க் விதியையே எடுத்துவிடுங்கள் என்று மனுக் கொடுத்தன. தலைவருக்கு அது பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி இருந்தது. ஆனால் விதியை எடுக்க ஆதாரம் வேண்டும். மாஸ்க் இல்லாமலும் மனிதன் தெளிவாகப் பேசி, முடிவெடுக்க முடியும் என்று யாராவது நிரூபிக்க வேண்டும்.

"தலைமைங்கறது முன்னுதாரணம். நாங்களே உட்கார்றோம்," என்றார் தலைவர். பயிற்சிக் கட்டடத்தின் இரும்பு அறையில், மாஸ்க் இல்லாமல், வாரியத்தின் முறையான கூட்டத்தையே நடத்தித் தீர்மானம் போடுவது என்று ஏற்பாடு. சாட்சியாகப் பூட்டு கேப்டனும் உள்ளே உட்கார வேண்டும். மாஸ்க் போட்டதே இல்லை என்று ஒப்புக்கொண்ட ஒரே ஆள் அவர்தானே.

அறைக்குள்ளே கண்காணிப்பாளர் ஒருவர் மாஸ்க் போட்டுக்கொண்டு இருக்க வேண்டும் என்பது அந்த அறையின் விதி. தலைவர் துணை விமானியைக் கூப்பிட்டனுப்பினார். "உனக்குத்தான் மாஸ்க்குன்னா உசிராச்சே. ஆசைதீரப் போட்டுக்க. இது நல்லபடியா முடிஞ்சா திங்கக்கிழமை உன் உரிமம் உன் கையில." துணை விமானி வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னான். அவள் அன்றைக்கு ரொம்ப நாள் கழித்து வாய்விட்டுச் சிரித்தாள்.

இரும்பு அறை பெரிய தண்ணீர்த் தொட்டியைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும். இரண்டு பக்கமும் பெஞ்சு. தலைக்கு மேலே ஆளுக்கொரு மாஸ்க். வட்டக் கண்ணாடிக்கு வெளியே ஆபரேட்டர், கையில் காற்றை இழுக்கிற, விடுகிற பிடிகளோடு. சுவரில் ஆக்சிஜன் குறைவின் அறிகுறிகள் ஒட்டியிருந்தன: காரணமில்லாத சிரிப்பு, அளவுக்கு மீறிய தன்னம்பிக்கை, சொன்னதையே திரும்பச் சொல்லுதல், எளிய கணக்கு வராமை, அடுத்தவர் பேசுவது காதில் விழாமை. முதலில் தரை மட்டத்தில் ஒவ்வொருவரையும் பேசவைத்து, கணக்குப் போடவைத்துப் பார்க்க வேண்டும். மேலே போன பிறகு யாரிடமாவது மாற்றம் தெரிந்தால், கண்காணிப்பாளர் கையைத் தூக்க வேண்டும். ஆபரேட்டர் உடனே கீழே கொண்டுவந்துவிடுவான்.

தரை மட்டத்தில் துணை விமானி, நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னான்.

"இதெல்லாம் கீழ இருக்கறவங்க பாத்துக்குவாங்க," என்றார் தலைவர், சிரித்துக்கொண்டே.

"எந்த ஏழு?" என்றார் சட்ட உறுப்பினர்.

மருத்துவ உறுப்பினர் தொண்ணூறு என்றார், தொண்ணூறுதான் என்று அடித்தும் சொன்னார்.

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தி ஆறு. எழுபத்தி ஒம்பது. போதுமா?" என்றார் கேப்டன்.

துணை விமானி சுவரில் இருந்த அறிகுறிகளைப் பார்த்தான், பெஞ்சில் இருந்த மூவரையும் பார்த்தான். கதவு இன்னும் சாத்தக்கூட இல்லை.

கதவைச் சாத்தினார்கள். பம்பு ஓடியது. காது அடைத்தது. இருபத்தைந்தாயிரம் அடிக்குச் சமமான காற்று மட்டும் மிச்சமிருந்தபோது ஆபரேட்டர் விரலைக் காட்டினான். உறுப்பினர்கள் மூவரும் கேப்டனும் அதுவரை போட்டிருந்த மாஸ்க்கைக் கழற்றினார்கள். அந்த உயரத்தில் சில நிமிஷங்கள் தாங்கலாம். அதற்குள் முடிக்க வேண்டும்.

தலைவர், கூட்டம் துவங்கியது என்று அறிவித்தார். பிறகு, "பாதுகாப்புன்னா என்ன? பாதுகாப்புங்கறது ஒரு உணர்வு," என்று ஆரம்பித்தார்.

துணை விமானி அவரை உற்றுப் பார்த்தான். அதே பேச்சு. அதே இடத்தில் அதே சிரிப்பு. நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொன்னான். கீழ இருக்கறவங்க பாத்துக்குவாங்க என்றார் தலைவர். எந்த ஏழு என்றார் சட்ட உறுப்பினர். தொண்ணூறு, தொண்ணூறுதான் என்றார் மருத்துவ உறுப்பினர். மாற்றம் என்று எதைச் சொல்லுவான்? நகம் நீலம் பூத்திருந்தது, உதடு கறுத்திருந்தது. பேச்சில் மட்டும் எள்ளளவும் வித்தியாசம் இல்லை. தலைவர் மூன்றாவது முறையாக, பாதுகாப்பு ஒரு உணர்வு என்றார். தரையிலும் அவர் மூன்று முறை சொல்லக்கூடியவர்தான்.

அப்போது பூட்டு கேப்டன் சிரித்தார்.

துணை விமானி திடுக்கிட்டுத் திரும்பினான். அந்த முகத்தில் சிரிப்பை அவன் பார்த்ததே இல்லை. கேப்டன் காலை நீட்டி, சாய்ந்து உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்தார்.

"ரொம்ப லேசா இருக்கு தம்பி. உடம்பே இல்லாத மாதிரி இருக்கு. இவ்வளவு நல்லா நான் இருந்ததே இல்ல. தண்ணிகூட வேணாம். காலையில கிளம்பறப்ப என் வீட்டுக்காரி கதவுகிட்ட வந்து நிப்பா. பத்திரம்னு சொல்லுவா. தினமும் சொல்லுவா. நான் ஒருநாள்கூட பதில் சொன்னதில்ல. சரிம்மான்னு சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தைதானே? அவளுக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்திருக்கும். சொல்லணும். இன்னிக்குப் போய்ச் சொல்லணும்."

"சார், நூறுலேருந்து ஏழு போனா?"

"ஏழு," என்றார் கேப்டன், சந்தோஷமாக.

துணை விமானி கையைத் தூக்கினான்.

கண்ணாடிக்கு வெளியே ஆபரேட்டர் பிடியில் கையை வைத்தான். உள்ளே தலைவர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். "கூட்டம் நடக்குது. கூட்டத்தைக் கலைக்கத் தலைவருக்கு மட்டும்தான் அதிகாரம்." ஆபரேட்டர் இருவரையும் மாறிமாறிப் பார்த்தான். அவனுக்கும் வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள். கையைப் பிடியிலிருந்து எடுத்துவிட்டான்.

"சார், இவர் மாறிட்டார். கீழ எறக்கணும்."

"என்ன மாற்றம்?" என்றார் சட்ட உறுப்பினர்.

"பேசறார் சார்."

"பேசறது வியாதியா? முதல் தடவையா சாட்சி ஒத்துழைக்கிறார். கேப்டன், சொல்லுங்க. உங்களுக்கு மாஸ்க் தேவையா?"

"எதுக்கு? நான் நல்லா இருக்கேன்," என்றார் கேப்டன்.

"பதிவு செய்துக்கங்க," என்றார் தலைவர்.

துணை விமானி கேப்டனின் தலைக்கு மேலே தொங்கிய மாஸ்க்கை இழுத்தான். "சாட்சியோட வாயை மூடறது குற்றம். அதுவும் நீங்க. யோசிச்சுக்கங்க," என்று சட்ட உறுப்பினர் சொன்னார். துணை விமானி யோசித்தான். பாவி, யோசித்தான். திங்கட்கிழமை ஞாபகம் வந்தது, மனைவி சிரித்தது ஞாபகம் வந்தது. மாஸ்க் கையிலேயே இருந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றான் என்று அவனுக்கே தெரியாது. அதிகம் இருக்காது. அப்புறம் கேப்டன் முகத்தில் அதை வைத்து அழுத்தினான். கேப்டன் குழந்தையைப் போலத் தலையைத் திருப்பிக்கொண்டார். மாஸ்க்கைத் தள்ளிவிட்டு, அவன் கன்னத்தைத் தட்டினார். "விடுப்பா, தும்பிக்கை. நான் நல்லா இருக்கேன்."

மருத்துவ உறுப்பினர் தீர்மானத்தை வழிமொழிந்தார். மாஸ்க் விதி நீக்கப்படுகிறது, ஏகமனதாக. ஏகமனதாக, ஏகமனதாக என்று இன்னும் இரண்டு முறை சொன்னார். கேப்டன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் சரிந்தார். துணை விமானி கண்ணாடியைக் குத்தினான், கத்தினான். மாஸ்க்குக்குள் கத்தினால் கண்ணாடிக்கு வெளியே யாருக்குக் கேட்கும்? தலைவரின் தலை மார்பில் தொங்கிய பிறகு, கட்டைவிரல் தானாக மடங்கியது. அதைப் பார்த்த பிறகுதான் ஆபரேட்டர் பிடியை இழுத்தான்.

காற்று சீறிக்கொண்டு உள்ளே வந்தது. மூவரும் கண் விழித்தார்கள். தலைவர் விட்ட வாக்கியத்தை விட்ட இடத்திலிருந்தே தொடர்ந்து, பேச்சை முடித்துவிட்டு, நன்றி சொன்னார். தங்களுக்கு மயக்கம் வந்ததே அவர்களுக்குத் தெரியவில்லை. துணை விமானி இரும்புத் தரையில் மண்டியிட்டு, கேப்டனின் மார்பை அமுக்கிக்கொண்டே இருந்தான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். வாழ்நாளெல்லாம் வாயைப் பூட்டிக்கொண்டு பிழைத்தவர், திறந்த அன்றைக்குப் போய்ச் சேர்ந்தார்.

இறந்தவருக்காக வாரியம் எழுந்து நின்று மௌனம் காத்தது. பிறகு உட்கார்ந்து, அவர் ஏன் இறந்தார் என்று விசாரித்தது. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டார்கள். அதில் கேப்டனின் குரல் தெளிவாக, உற்சாகமாக இருந்தது. மருத்துவ உறுப்பினர், ஒருவர் தானே நன்றாக இருப்பதாகச் சொல்லும்போது அதை மறுப்பது மருத்துவ நாகரிகமல்ல என்றார்.

சட்ட உறுப்பினர் துணை விமானியிடம் ஒரு வரி எழுதித் தரச் சொன்னார். சாட்சி சொன்ன நேரத்தில் கேப்டன் சுயநினைவோடு, தெளிவாக இருந்தார் என்று.

"இல்ல சார். அவருக்குப் புத்தி தெளிவா இல்ல."

"அதே அறை. அதே காற்று. அவருக்குத் தெளிவு இல்லைன்னா எங்களுக்கும் இல்லைன்னு ஆகும். தீர்மானமே செல்லாது. நாங்க தெளிவா இல்லைன்னு சொல்றீங்களா?"

துணை விமானி நேர்மையாக யோசித்தான். "உங்ககிட்ட எந்த மாற்றமும் இல்ல சார். கீழ எப்படி இருந்தீங்களோ, மேலயும் அப்படியேதான் இருந்தீங்க."

தலைவர் நெகிழ்ந்துபோனார். இந்த வரியைத் தீர்மானத்தின் முகப்பில் சேர்க்கச் சொன்னார். கேப்டனைப் பற்றிய வரியை மட்டும் துணை விமானி எழுதிக் கொடுக்க மறுத்தான். அந்த ஒன்றிலாவது நின்றுவிடுவது என்று வைராக்கியம். உரிமம் போனால் போகட்டும் என்று மனைவியிடம் சொன்னான். அவள், "சரி, போகட்டும்," என்றாள்.

கேப்டன் வீட்டுக்கு அவன் போனபோது வாரியமும் மலர் வளையத்தோடு வந்திருந்தது. தலைவர் நடுக்கூடத்தில் நின்று, பாதுகாப்பு என்பது ஒரு உணர்வு என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். கேப்டனின் மனைவி துணை விமானியைப் பார்த்ததும் எழுந்து வந்து, ஓரமாக நிறுத்திக்கொண்டாள். கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் நிதானமாக இருந்தது.

"தம்பி, நீங்கதான் கடைசி வரைக்கும் கூட இருந்தீங்களாம். என்னைப் பத்தி ஏதோ சொன்னாராம். இவங்க சொன்னாங்க."

அவன் சொன்னான். கதவு, பத்திரம், சரிம்மா, எல்லாவற்றையும் சொன்னான். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"அவரா இவ்வளவு பேசினார்?"

"ஆமாம்மா."

"இத்தனை வருஷத்துல..." அவள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "என் தம்பி சொல்றான், காத்து இல்லாம மூளை கலங்கிப்போச்சு, அதான் ஏதோ உளறியிருக்கார்னு. உளறலா தம்பி? நீங்க சொல்லுங்க. உங்க வாயால சொல்லுங்க. நினைவோடதானே சொன்னார்?"

பின்னால் சட்ட உறுப்பினர் டீயை ஆற்றிக்கொண்டு நிற்பது அவனுக்குத் தெரிந்தது. அவள் பிடி தளரவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு, உன் புருஷன் உன்னை நினைத்தது ஒரு வியாதியின் அறிகுறி என்று எவனால் சொல்ல முடியும்?

"நினைவோடதாம்மா சொன்னார். தெளிவா இருந்தார்."

அவள் தலையை ஆட்டிக்கொண்டே, அழுதுகொண்டே உள்ளே போனாள். சட்ட உறுப்பினர் டீயைக் குடித்து முடித்துவிட்டு, அருகே வந்து, தோளில் கை வைத்தார். "இப்ப இங்க சொன்னதை அப்படியே ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க. இங்க ஒண்ணு, அங்க ஒண்ணு சொன்னா, பாவம், அந்தம்மா மனசுதான் கஷ்டப்படும்."

திங்கட்கிழமை உரிமம் அவன் கைக்கு வந்தது.

விதியை நீக்கிவிட்டார்கள். அந்த இடத்தில் கேப்டனின் நினைவாக ஒரு புதிய விதி வந்தது. முப்பத்தைந்தாயிரம் அடிக்கு மேலே தனியாக இருக்கிற விமானி, மாஸ்க் போடத் தேவையில்லை. இன்னொருவர் திரும்பி வரும்வரை அவ்வப்போது, 'நான் நல்லா இருக்கேன்' என்று ஒலிவாங்கியில் சொல்லிக்கொண்டிருந்தால் போதும். பதிவாகிவிடும். சுத்தம் செய்ய வேண்டியதில்லை, காயவைக்க வேண்டியதில்லை. ஒரு விமானமும் தாமதமாகவில்லை. எல்லா நாட்டிலிருந்தும் பாராட்டு வந்தது.

துணை விமானி மறுபடி பறந்த முதல் நாள், புதுக் கேப்டன் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டு, "வந்துடறேன் தும்பிக்கை," என்று எழுந்து போனார். கதவு சாத்திக்கொண்டது. கையருகே மாஸ்க் பெட்டி, முத்திரையோடு. கண்ணாடிக்கு வெளியே வெயில், கீழே மேகம். அவன் காற்றழுத்த அளவுமானியைப் பார்த்தான். சரியாகக் காட்டுவதாகத்தான் தோன்றியது. இன்னொரு தரம் பார்த்தான். அப்போதும் சரியாகத்தான் தோன்றியது. நூறிலிருந்து ஏழைக் கழித்தான். ஒரு விடை வந்தது. அது சரியா என்று தன்னையே கேட்டான். சரி என்று பதிலும் வந்தது.

ஒலிவாங்கியைக் கிட்டே இழுத்துக்கொண்டான்.

"நான் நல்லா இருக்கேன்."

சொல்லி முடித்ததும் அவனுக்கு ஏனோ சிரிப்பு வந்தது.